பாசித் தண்ணீரும் என் கலிமா விரலும்

என் வலது கைச் சுட்டுவிரலைப் பற்றி எங்கள் அலவத்துகொடையில் பல கதைகள் உலாவின. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, முற்றி விரலைத் தின்கிறது என்று ஒரு கதை. நான் செய்த கல்யாணக் கேக்கைப் பார்த்து யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று இன்னொன்று. விரலுக்குள் காச நோய் இறங்கிவிட்டது என்ற கதைதான் எல்லாவற்றிலும் பெரியது. அது எங்கள் தெருவில் புறப்பட்டு அக்குறணை வரைக்கும் போய்த் திரும்பி வந்தபோது எனக்கு ஒரு நுரையீரலே இல்லாமல் போயிருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். வீட்டில் தண்ணீர்த் தொட்டியும் மீனும் பாசியும் வைத்திருப்பவர்களுக்கு உதவினாலும் உதவும்.

நான் வீட்டிலிருந்தபடி கேக் செய்து விற்பவள். ஐசிங் ரோஜாவுக்கு என்னைத் தேடி மாத்தளையிலிருந்தும் வருவார்கள். அந்த வேலையின் சூட்சுமம் எல்லாம் கையின் அழுத்தத்தில்தான் இருக்கிறது. ஐசிங் பையைக் கொஞ்சம் கூடுதலாகப் பிழிந்தால் இதழ் தடித்துவிடும், குறைத்துப் பிழிந்தால் கிழிந்துவிடும். சுட்டுவிரல் மடங்கி நிமிராவிட்டால் எனக்குத் தொழில் இல்லை.

பாசி எங்கள் வீட்டுக்கு வந்தது என் கணவர் ரியாஸால். அவருக்குக் கட்டுகஸ்தோட்டையில் வாகன உதிரிப்பாகக் கடை. பக்கத்தில் அலங்கார மீன் விற்றவர் கடையை மூடிவிட்டுப் போகும்போது, மீன் தொட்டியின் அடியில் கிடந்த மூன்று பச்சை உருண்டைகளை ஒரு போத்தலில் போட்டு இவரிடம் கொடுத்திருக்கிறார். ஜப்பானில் குளிர்ந்த ஏரிகளில் வளர்கிற பாசியாம், மரிமோ என்று பெயராம். எனக்குப் பூனை முடி ஒத்துக்கொள்ளாது, கிளி கத்தினால் தலையிடி வரும். அதெல்லாம் தெரிந்த மனிதர் போத்தலை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“சோறு கேக்காது, சத்தம் போடாது, முடி கொட்டாது. உனக்கு ஏத்த பிராணி இதுதான்.”

“பிராணியா? இது பாசி.”

“அதான் சொல்ற. ஏச்சு வாங்கினாலும் திருப்பி ஏசாது.”

கேலியாகத் தொடங்கியது, போகப் போக எனக்குப் பைத்தியமாகிவிட்டது. தொட்டால் நனைந்த வெல்வெட் துணி போல இருக்கும். நேர் வெயில் ஆகாது, பட்ட பக்கம் பழுப்பாகிவிடும். அதனால் சமையலறையில் வடக்குப் பார்த்த யன்னலில் வைத்தேன். சித்திரை வெக்கையில் போத்தலோடு தூக்கி ஃப்ரிட்ஜில் மரக்கறித் தட்டில் வைத்துவிடுவேன். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, மருந்து வாடை போன பிறகுதான் ஊற்றுவேன். கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து, அழுக்குத் தண்ணீர் வடியும்படி மெதுவாகப் பிழிந்து, உருண்டை குலையாமல் உருட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் போடுவேன். உள்ளே காற்றுக் குமிழி சேர்ந்தால் மேலே மிதந்து வரும், பிழிந்துவிட்டால் மறுபடி அடியில் போய் உட்காரும். ஐசிங் பை பிழிகிற கைக்கு இந்த வேலை அல்வா மாதிரி.

ஒருநாள் டின்பால் திறக்கும்போது மூடி சுட்டுவிரலைக் கீறிவிட்டது. சமையலறையில் நிற்பவளுக்கு அது ஒரு காயமா? மஞ்சள் வைத்தேன், மறந்துவிட்டேன். அந்தக் கிழமையும் பாசியைப் பிழிந்தேன்.

காயம் மூடிய இடத்தில் பிறகு ஒரு சிவந்த பரு வந்தது. நோகவில்லை, சீழும் இல்லை, ஆனால் போகவும் இல்லை. பக்கத்து டிஸ்பென்சரியில் தந்த குளிசையைக் குடித்து முடித்தேன். பரு நீலம் பாய்ந்து பெரிதானது. மாதங்கள் போகப் போக விரல் முழுக்க வீங்கி, மடக்க முடியாமல் விறைத்துவிட்டது. நாங்கள் சுட்டுவிரலைக் கலிமா விரல் என்று சொல்வோம், தொழுகையில் சாட்சி சொல்ல நீட்டுகிற விரல் அது. தொழுகையில் மட்டும் அது சரியாக இருந்தது. மற்ற நேரமெல்லாம் யாரையோ குற்றம் சாட்டுவது போல நீட்டிக்கொண்டே நின்றது. பெரும்பாலும் அதற்கு நேரே இருந்தவர் ரியாஸ்தான்.

ஐசிங் பை கையிலிருந்து நழுவி விழுந்த அன்றுதான் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். எழுதித் தந்த பரிசோதனைகளில் சிலதை வெளியே காசு கொடுத்துச் செய்தோம். இரத்தம், எக்ஸ்ரே, பிறகு பருவின் ஓரத்தில் மிளகளவு சதை வெட்டி எடுத்து உருப்பெருக்கியில் பார்ப்பது. அதைப் பயொப்சி என்கிறார்கள். சீனி வருத்தம் இல்லை என்று வந்தது. ஆனால் காசக் கிருமிக்கு உடம்பு காட்டுவது போன்ற அடையாளம் சதையில் இருந்தது. ‘வார்டில் நின்றால் நல்லது’ என்றார்கள்.

வார்டில் என்னைப் பொறுப்பேற்றவர் கௌரி டொக்டர், யாழ்ப்பாணத்துப் பெண். முதல் நாளே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டார். தோட்ட வேலை உண்டா, முள் குத்தியதா, வீட்டில் யாருக்கும் நெடுநாள் இருமல் உண்டா.

“மீன் ஏதும் வளர்க்கிறனீங்களோ?”

“இல்ல, டொக்டர்.”

“மீன் வெட்டுற வேலை?”

“மீன் இவர்தான் வெட்டி எடுத்துட்டு வார.”

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மீன் இல்லை. பாசி இருக்கிறதா என்று அவர் கேட்கவும் இல்லை, சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. டொக்டர் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

பிறகு ரியாஸையும் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னார். விரலை மடக்குகிற தசைநாண் ஒரு மெல்லிய உறைக்குள் ஓடுகிறதாம். அந்த உறைக்குள் கிருமி போய்விட்டதாம்.

“பிரேக் கேபிள் மாதிரியா டொக்டர்?” என்றார் இவர். “உள்ள வயர், வெளிய கவர்?”

“ஓம், அதேதான். கவருக்குள்ள அழுக்கு அடைச்சிட்டுது. வயர் ஓடுதில்லை.”

“அப்ப தொறந்து கழுவணும்.”

“கழுவலாம். ஆனா என்ன கிருமியெண்டு தெரியாமல் சரியான மருந்து குடுக்கேலாது. எலும்புக்குப் போனா விரலைக் காப்பாற்றிறது கஷ்டம்.”

உதிரிப்பாகம் விற்கிற மனிதருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் முகம் செத்துவிட்டது. நான் அன்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். விரல் போனால் கேக் போகும். அதைவிட, உப்புப் பார்க்கிற, பொத்தான் போடுகிற, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளுகிற விரல் அல்லவா?

பக்கத்துக் கட்டிலில் பன்விலைத் தோட்டத்துச் செல்வமணி அக்கா இருந்தார். தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது முள் கிழித்துச் சீழ் வைத்து, அவருடைய இடக்கையில் தோள்வரை கட்டுப் போட்டிருந்தது. எனக்கு வலக்கை ஆகாது, அவருக்கு இடக்கை ஆகாது.

“கவலப்படாதீங்க தங்கச்சி,” என்றார். “ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு இருக்கோம்ல.”

அப்படித்தான் வாழ்ந்தோம். பிஸ்கட் பக்கற்றை நான் பிடிக்க அவர் கிழிப்பார். அவருக்கு நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகக் கொண்டை போடுவோம். என் முக்காட்டுக்கு ஊசி குத்தவும் பழகிக்கொண்டார். முதல் நாள் காதோடு சேர்த்துக் குத்தப் பார்த்தார், பிறகு கை திருந்திவிட்டது. இரவில் பயம் வந்து நான் புரண்டு படுத்தால், “நாளைக்கு இட்டிலியா பாணா, என்ன தருவாங்க சொல்லுங்க?” என்று வேண்டுமென்றே பேச்சுக் கொடுப்பார். தினமும் வெட்டிய பாண் துண்டுதான் என்று இருவருக்குமே தெரியும்.

காத்திருப்பதுதான் ஆஸ்பத்திரியில் பெரிய வேலை. கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ஒன்றும் வளரவில்லை என்று பதில் வந்தது. மருந்து மாற்றினார்கள், வீக்கம் மாறவில்லை. நான் ரியாஸிடம் எரிந்து விழுந்தேன். எல்லாம் வெள்ளையாக இருக்கிறது, சுவர் வெள்ளை, விரிப்பு வெள்ளை, பார்க்க ஒரு பச்சைகூட இல்லை என்று கத்தினேன். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் பூ கொண்டு போகிற வழக்கம் கிடையாது. மறுநாள் அவர் ஹோர்லிக்ஸ் போத்தலையும் தோடம்பழத்தையும் கட்டிலோரத்து லொக்கர் மேல் வைத்தார். பிறகு பெரிய இரகசியம் போலப் பையிலிருந்து பாசிப் போத்தலை எடுத்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் பஸ்ஸில் நின்றபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருக்கிறார். சட்டை முழுக்க ஈரம்.

“பச்சை கேட்டாய்தானே. இந்தா.”

அதற்காகவே நான் அவரைக் கட்டினேன் என்று அன்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் தலைகால் தெரியாமல் ஆடுவார். செல்வமணி அக்கா போத்தலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்து, “இதெல்லாம் எங்க லயத்துத் தண்ணிக் கானுல சும்மா கெடக்கும்ங்க. நீங்க போத்தல்ல வச்சு வளக்குறீங்களா?” என்று சிரித்தார்.

அடுத்த நாள் மதியம் பார்வையாளர் நேரத்தில் ரியாஸோடு ஹாஜரா மாமி வந்தார். ரியாஸுடைய வாப்பாவின் தங்கை. வருத்தக்காரருக்குப் பள்ளிவாசல் லெப்பையிடம் குர்ஆன் ஓதி ஊதிய தண்ணீர் வாங்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். மாமி முந்திய கிழமையே யாரிடமோ ஒரு போத்தல் கொடுத்து அனுப்பியிருந்தார். அது லொக்கரில் ஹோர்லிக்ஸுக்குப் பின்னால் நின்றது, முன்னால் நின்றது பாசிப் போத்தல். டொக்டர் பார்க்க வருகிறார் என்று நர்ஸ் மிஸ் என் கட்டைப் பிரித்துவிட்டுப் போயிருந்தார். மாமி விரலைப் பார்த்தார், “யா அல்லாஹ்!” என்றார். பிறகு லொக்கரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

“லெப்பை மூலிகையும் போட்டுத்தான் ஓதித் தந்தீக்கிறார்! இத்தன நாளா குடிக்காம வெச்சீக்கிறியே புள்ள!”

நான் வாய் திறக்குமுன் பாசிப் போத்தலின் மூடி திறந்துவிட்டது. கோப்பை நிறைந்துவிட்டது. “பிஸ்மில்லாஹ்” என்று மாமி ஒரு கையால் கோப்பையை என் வாய்க்கும், நனைத்த மறு கையை என் புண்ணுக்கும் கொண்டு வந்தார்.

“மாமி! வேணாம்! அது பாசித் தண்ணி! நான் கைய உட்டுப் புழியிற தண்ணி!”

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாசலில் கௌரி டொக்டர் நின்றார்.

“பொறுங்கோ,” என்றார். “என்னத்துக்குள்ள கையை விட்டுப் பிழியிறனீங்கள்?”

“பாசி, டொக்டர். கிழமைக்கு ஒருக்கா கழுவுற.”

“வெறுங்கையாலயோ?”

“வேற என்னத்தால? மெதுவாப் புடிக்கணுமே.”

“நான் மீன் வளர்க்கிறனீங்களோ எண்டு கேட்டனான் எல்லோ?”

“இதுக்குள்ள மீன் ஈக்கா, பாருங்க!”

டொக்டர் போத்தலைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். பிறகு டொக்டர்மார் செய்யாத ஒரு காரியம் செய்தார், என் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். “இதை எங்க வாங்கினது?”

ரியாஸ் குற்றவாளி போல முன்னுக்கு வந்தார். “மீன் கடையில, டொக்டர். மீன் தொட்டிக்குள்ளதான் கிடந்த.”

“ஆகா,” என்றார் டொக்டர். “ஆகா, அம்மா!”

அவர் விளக்கியதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். காச நோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி ஒரு கிருமி உண்டு. அது மீன் தொட்டித் தண்ணீரில் வாழும். மீன் போனாலும் அந்தத் தண்ணீரில் கிடந்த பாசியோடு கூட வரும். கையில் சின்னக் காயம் இருந்தால் போதும், உள்ளே நுழைந்துவிடும். அதற்கு உடம்பின் சூடு பிடிக்காது, அதனால் குளிர்ந்த இடமான விரலில் குடியிருக்கும். சாதாரணமாக உடம்புச் சூட்டில் வைத்து வளர்த்துப் பார்த்தால் முளைக்காது, குறைந்த சூட்டில் பல கிழமை வைத்தால்தான் தலை காட்டும். ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றாது. சரியான மருந்தை மாதக்கணக்கில் விடாமல் எடுத்தால் போய்விடும். குளிர் வேண்டும், மெதுவாக வளரும், பொறுமை வேண்டும். பாசிக்கும் கிருமிக்கும் குணம் ஒன்றாக இருந்ததைப் பார்த்து எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது.

“விரல் தப்புமா டொக்டர்?”

“இப்ப நம்பிக்கை இருக்கு,” என்றார். அந்த ‘இப்ப’வைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போனேன்.

பாசியை என்ன செய்வது என்று கேட்டேன். “எறிஞ்சால் நல்லம். வைச்சிருக்கிறதெண்டா புதுப் போத்தல், நீளக் கையுறை. சமையலறைக்குள்ள வேண்டாம். நீங்கள் இப்போதைக்குத் தொடவே கூடாது” என்றார். ரியாஸ் போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் புரிந்தது. என் விரலுக்கு வந்த வினையைத் தானே கொண்டுவந்து மேசையில் வைத்ததாக அவர் நினைக்கிறார். பாசி அன்றே குப்பைக்குப் போயிருக்கும் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். மூன்று உருண்டைப் பாசிக்காக மனம் நொந்தது வெட்கமாகவும் இருந்தது.

தியேட்டரில் கையை மட்டும் மரக்கச் செய்தார்கள். உறையைத் திறந்து, அடைத்திருந்ததைச் சுரண்டிக் கழுவினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த ஸூறாக்களையெல்லாம் ஓதினேன், தெரியாததையும் பாதி ஓதினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் கடை பூட்டுகிற மனிதர் அன்று பகல் முழுக்கப் பூட்டிவிட்டு வெளியே நின்றாராம். எலும்பில் ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொன்னதும் ரியாஸ் வார்டுக்கு ஓடிவந்து முதலில் தன்னிடம்தான் சொன்னதாகச் செல்வமணி அக்கா பிறகு சொன்னார். அக்கா எனக்கு முன்பே டிஸ்சார்ஜ் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். போகும்போது என் முக்காட்டு ஊசியை ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் போனார்.

மருந்துகளில் ஒன்று சிவப்புக் குளிசை. அதைக் குடித்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், இருந்தாலும் முதல் நாள் கத்திவிட்டேன். இன்னொன்று சிலருக்குக் கண்ணைப் பாதிக்குமாம். அதனால் வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கிற எண்ணை வாசிக்கச் சொல்லிச் சோதிப்பார்கள். ஐசிங்கில் பச்சை கலந்து பழகிய கண், ஒன்றையும் விடவில்லை. பல கிழமை கழித்துச் சோதனைச்சாலையிலிருந்து பதில் வந்தது, அதே கிருமிதான். ஹாஜரா மாமி இன்று வரைக்கும் ஒரே பேச்சுத்தான் பேசுகிறார்: “நான் தண்ணி தொட்டபோய்த்தானே வருத்தம் வெளிய வந்த. ஓதின தண்ணின்னா சும்மாவா?” அது ஓதின தண்ணீர் அல்ல என்று சொல்லி அலுத்து, இப்போது நானும் ஆமாம் போடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை யன்னலைத்தான் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. பின்பக்கம் துணி காயப் போடப் போனபோது, மதிலோரம் நிழலில், அகன்ற புதுப் போத்தல் ஒன்று தெரிந்தது. மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள். பக்கத்தில், இவர் கடையில் பெட்டரி அசிட் ஊற்றும்போது போடுகிற, முழங்கை வரை நீண்ட கறுப்புக் கையுறை காய்ந்துகொண்டிருந்தது. ரியாஸ் பின்னால் வந்து நின்றார்.

“எறியத்தான் போன. ஓடைக்கிட்டப் போய் மூடியும் தொறந்த. ஒன்னு மேல மிதந்து வந்திச்சு. ஏலாமப் போச்சு.”

“அப்ப இத்தன நாளா நீங்களா கழுவுற?”

“டொக்டர் சொன்ன மாதிரித்தான். வெளிய வெச்சு, கையுறை போட்டு. கொஞ்சம் சப்பட்டையாப் போச்சு, ஏசாத.”

உண்மையில் சப்பட்டையாகத்தான் இருந்தன, ரொட்டிக்குத் தட்டியது போல. நான் ஏசவில்லை.

விரலுக்குப் பயிற்சி தொடங்கினார்கள். மென்மையான பஞ்சுப் பந்தைக் கைக்குள் வைத்துப் பிழிய வேண்டும். முதல் நாள் நான்கு விரலும் மடங்க, கலிமா விரல் மட்டும் பிடிவாதமாக நின்றது. விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் எவ்வளவு வெளி இருக்கிறது என்று கிளினிக்கில் அடிமட்டம் வைத்து அளப்பார்கள். அந்த வெளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, சில கிழமை குறையாமலும் அடம் பிடித்தது. குளிசைகள் முடிந்தன, புண் மூடி வெள்ளைத் தழும்பானது. போன மாதம் கௌரி டொக்டர் என் உள்ளங்கையில் விரல் நுனி தொடுவதைப் பார்த்துவிட்டு அடிமட்டத்தை மேசையில் வைத்தார். “இனி இது தேவையில்லை” என்றார். “பாசியைத் தொடலாமா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “கையுறையோட” என்றார்.

அன்று அஸர் தொழுதுவிட்டுப் பின்பக்கம் போனேன். கறுப்புக் கையுறை எனக்குச் சாக்கு மாதிரி இருந்தது. மூன்றில் சின்னதை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். பெருவிரல் மடங்கியது, மற்றவை மடங்கின, கடைசியாகக் கலிமா விரலும் இறங்கி வந்து பாசியைத் தொட்டது. ரியாஸ் பக்கத்தில் குனிந்து நின்று பார்த்தார்.

“மெதுவா. நோகும்.”

“யாருக்கு?”

“ரெண்டு பேருக்கும்தான்.”

நான் பிழிந்தேன். விரலிடுக்கில் தண்ணீர் வடிந்து மண்ணில் விழுந்தது.